உருளைக்கிழங்கும் ஏழாண்டு ஓய்வும்

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கறிபாப் வாங்கிக் கடிக்கிறீர்கள். உள்ளே மஞ்சள் நிறத்தில் மசாலா மணக்க இருப்பது உருளைக்கிழங்கு. தீபாவளியன்று ஆட்டிறைச்சிக் குழம்பில் எலும்புக்குப் பக்கத்தில் கிடப்பதும் அதுதான். இவ்வளவு சாப்பிடுகிறோமே, ஜொகூரில் எங்காவது ஓர் உருளைக்கிழங்குத் தோட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

மரவள்ளியைப் பார்த்திருப்பீர்கள். வீட்டு வேலியோரம் குச்சியை ஊன்றினாலே வந்துவிடும். ஜப்பானியர் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்த கதையைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். சர்க்கரைவள்ளிக் கொடியையும் பார்த்திருப்பீர்கள். உருளைக்கிழங்குச் செடியை மட்டும் பார்த்திருக்க மாட்டீர்கள். அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். சீனா, வங்காளதேசம், நெதர்லாந்து என்று ஏதாவது ஒரு வெளிநாட்டின் பெயர்தான் பெரும்பாலும் இருக்கும்.

ஏன் என்று வகுப்பில் கேட்டால் "நம் மண் சரியில்லை, சார்" என்று உடனே பதில் வரும். மண்ணைக் குறை சொல்ல வேண்டாம். காரணம் நம் இரவு.

இரவை அளக்கும் செடி

முதலில் ஒரு சின்னத் திருத்தம். உருளைக்கிழங்கு மண்ணுக்குள் விளைந்தாலும் அது வேர் அல்ல, தண்டு. அதன்மேல் இருக்கும் 'கண்'கள் ஒவ்வொன்றும் ஒரு மொட்டு. சமையலறையில் மறந்துபோன கிழங்கில் முளை கிளம்புவது அந்தக் கண்களிலிருந்துதான். சர்க்கரைவள்ளி உண்மையான வேர். அதில் இப்படி வரிசையான கண்கள் கிடையாது. தேர்வில் இந்த இரண்டையும் மாற்றி எழுதுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

செடி வளரும்போது அடித்தண்டிலிருந்து மெல்லிய ஓடுதண்டுகள் மண்ணுக்குள் பக்கவாட்டில் நீளும். சூழ்நிலை சரியாக இருந்தால் அவற்றின் நுனி நீளுவதை நிறுத்திவிட்டுப் பருக்கத் தொடங்கும். இலைகள் ஒளிச்சேர்க்கையில் செய்த சர்க்கரை கீழே இறங்கி, அந்த நுனியில் மாவுச்சத்தாகச் சேரும். அதுவே கிழங்கு.

'சூழ்நிலை சரி' என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? இலை. இரவு நீளமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும்போது இலைகளில் எஸ்பி6ஏ என்ற புரதம் உருவாகிறது. அது தண்டு வழியே இறங்கி ஓடுதண்டின் நுனிக்குப் போய் "இனிப் பருக்கலாம்" என்று செய்தி சொல்கிறது. பல செடிகளில் "பூக்கலாம்" என்று செய்தி சொல்லும் புரதத்தின் நெருங்கிய உறவு இது. வெப்பம் கூடினால் இந்தப் புரதம் குறைந்துவிடுகிறது. இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் கிழங்கு நன்றாகக் கட்டும். அதற்கு மேலே போகப் போக விளைச்சல் சரியும். வெப்பமான இரவில் செடி அதிகமாகச் சுவாசித்து, பகலில் சேர்த்த சர்க்கரையையும் செலவழித்துவிடும்.

ஜொகூர் பாருவில் விடியற்காலையில்கூட 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நீங்கள் தொட்டியில் நட்டால் செடி வரும், இலை தழைக்கும், பார்க்க அழகாக இருக்கும். தோண்டினால் கோலிக்குண்டு அளவில் நான்கைந்து கிடைத்தாலே பெரிது.

சரி, வெப்பமண்டலத்தில் உருளைக்கிழங்கே விளையாதா? விளையும், மேலே ஏறினால். 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். தமிழ்நாட்டின் நீலகிரி மலையில் உள்ள உதகமண்டலம், அதாவது ஊட்டி, சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நம் ஊர் இரவைவிட அங்கே 14 அல்லது 15 டிகிரி குறைவு. போர்வை இல்லாமல் தூங்க முடியாத அந்த இரவு உருளைக்கிழங்குக்குச் சொர்க்கம். ஆனால் அந்தச் சொர்க்கத்தில் ஒரு புழுவும் குடியிருக்கிறது. அது எப்படி அங்கே வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள, உருளைக்கிழங்கின் சொந்த ஊருக்கு ஒரு முறை போய்வர வேண்டும்.

மருமகளை அழவைக்கும் கிழங்கு

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரில், இன்றைய பெருவும் பொலிவியாவும் சேரும் இடத்தில், டிட்டிகாக்கா என்ற ஏரி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரம். அந்த ஏரியைச் சுற்றிய பகுதியில்தான் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் காட்டு உருளைக்கிழங்கை மனிதர் பயிராக்கினர். இன்று ஆண்டீஸ் உழவர்களிடம் 4,000-க்கும் மேற்பட்ட நாட்டு வகைகள் இருக்கின்றன. ஊதா, கறுப்பு, சிவப்பு, உள்ளே வளையம் போட்டது, பூனை மூக்குபோல் நீண்டது என்று பல விதம்.

அவற்றில் ஒன்றுக்கு, கெச்சுவா மொழியில், 'மருமகளை அழவைப்பது' என்று பெயர். முடிச்சு முடிச்சாக, பள்ளமும் மேடுமாக இருக்கும் அந்தக் கிழங்கைப் புதுமருமகளிடம் கொடுத்து, சதை வீணாகாமல் தோல் சீவச் சொல்வார்களாம். மாமியார் வைக்கும் நுழைவுத் தேர்வு! உலகம் முழுக்க மாமியார்கள் ஒரே பாடத்திட்டத்தில் படித்தவர்கள்போல் இருக்கிறது.

அங்குள்ள உழவர் ஒரே வயலில் ஒரே வகையை நடுவதில்லை. பல வகைகளைக் கலந்து நடுகிறார். ஒன்று உறைபனியைத் தாங்கும், இன்னொன்று நோயைத் தாங்கும், வேறொன்று சுவையாக இருக்கும். எந்த ஆண்டு எது கெட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும். உறைபனியைத் தாங்கும் சில வகைகள் கசப்பானவை. அவற்றை ஜூன் மாதத்து உறையும் இரவில் வெளியே பரப்பி, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காய வைக்கிறார்கள். சூனோ என்ற அந்த வற்றல் ஆண்டுக்கணக்கில் கெடாது. உறையவைத்து உலர்த்தும் முறை தொழிற்சாலைகளுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மலைக்காரர்கள் அதைச் செய்திருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அவர்களுடைய இன்னொரு பழக்கம். பல ஊர்களில் எந்த நிலத்தில் இந்த ஆண்டு உருளைக்கிழங்கு போடுவது என்று தனி ஆள் முடிவு செய்வதில்லை, ஊர் கூடி முடிவு செய்கிறது. ஊர் நிலம் முழுவதையும் பல பெரும் பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். ஓராண்டில் ஒரு பகுதியை மட்டும் திறந்து, கால்கலப்பையால் கிளறி, எல்லாரும் அங்கேயே உருளைக்கிழங்கு நடுவார்கள். அடுத்த ஆண்டு அதே பகுதியில் ஓக்கா போன்ற வேறு கிழங்கு. அதற்கடுத்து பார்லியோ கினுவாவோ. பிறகு அந்த நிலத்தைத் தொடவே மாட்டார்கள். ஐந்து, ஏழு, சில இடங்களில் அதற்கும் மேற்பட்ட ஆண்டுகள் அது தரிசாகக் கிடக்கும். புல் முளைக்கும், லாமாவும் ஆடும் மேயும், சாணம் விழும். இந்த முறைக்குக் கெச்சுவாவில் லாய்மி என்றும், அய்மாரா மொழியில் அய்நோக்கா என்றும் பெயர்.

வெளியிலிருந்து வந்து பார்ப்பவருக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரியும். நல்ல நிலத்தை ஏழு ஆண்டு சும்மா போட்டிருக்கிறார்களே! மண்ணுக்கு மீண்டும் உரம் ஏறட்டும் என்று விட்டிருக்கிறார்கள் என்பது முதல் விளக்கம், அது சரியும்கூட. இரண்டாவது விளக்கத்தைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும்.

கூட்டுக்குள் காத்திருக்கும் புழு

உருளைக்கிழங்கின் சொந்த ஊர் எதுவோ அதுவே அதன் எதிரிக்கும் சொந்த ஊர். முட்டைக்கூடு நூற்புழு என்று அதற்குப் பெயர். நூற்புழு என்றால் நூல்போன்ற மிக நுண்ணிய உருளைப்புழு. இதன் குஞ்சு உருளைக்கிழங்கின் வேருக்குள் துளைத்து நுழைந்து, ஓரிடத்தில் அமர்ந்து, செடி செய்த உணவை உறிஞ்சும். பெண் புழு பருத்து உருண்டையாகி, வேருக்கு வெளியே உடலைப் பிதுக்கிக்கொண்டு நிற்கும். ஓர் இனத்தில் அந்த உருண்டை வெள்ளையிலிருந்து பொன்னிறமாக மாறும். தங்க நூற்புழு என்ற அழகான பெயர் அப்படி வந்தது. அறிவியல் பெயர் குளோபோடெரா ராஸ்டோகியென்சிஸ், ஜெர்மனியின் ராஸ்டாக் நகரத்தை வைத்து இட்ட பெயர். இன்னொரு இனம் பொன்னிறமாகாமல் வெளிர் நிறத்திலேயே இருந்து பழுப்பாகும். அது குளோபோடெரா பலிடா.

பெண் புழு செத்த பிறகு நடப்பதுதான் விசித்திரம். அதன் தோல் கெட்டியாகிப் பழுப்பு நிறக் கூடாக மாறுகிறது. அளவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உள்ளே 200 முதல் 500 முட்டைகள். தாயின் உடலே பெட்டகம்! அந்தக் கூடு மண்ணில் உதிர்ந்து கிடக்கும். குளிர், வறட்சி எல்லாவற்றையும் தாங்கும். உருளைக்கிழங்கே நடாவிட்டாலும் சில முட்டைகள் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

அவை எதற்காகக் காத்திருக்கின்றன? ஒரு வாசனைக்காக என்று சொல்லலாம். உருளைக்கிழங்கின் வேர் மண்ணுக்குள் சில வேதிப்பொருள்களைக் கசியவிடும். அதிலுள்ள சொலனோஎக்லெபின் என்ற பொருள், நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தாலும், முட்டைக்குள் இருக்கும் குஞ்சை எழுப்பிவிடும். உணவு பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகே அவற்றில் பெரும்பாலானவை வெளியே வருகின்றன. வயலில் முட்டைக்கோஸ் இருந்தால் அவை அசையாது. தக்காளியும் கத்தரியும் உருளைக்கிழங்கின் குடும்பம் என்பதால் அவற்றையும் இந்தப் புழு தின்னும். மற்றப்படி இதற்கு வேறு பயிர் பிடிக்காது.

இப்போது ஒரு கணக்கு. உருளைக்கிழங்கு இல்லாத ஆண்டுகளில், அழைப்பு வராமலே சில முட்டைகள் பொரித்துப் பட்டினியால் சாகும். சிலவற்றை மண்ணிலுள்ள பூஞ்சைகள் அழிக்கும். மண்ணையும் தட்பவெப்பத்தையும் பொறுத்து இது மாறும். சராசரியாக ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் மண்ணில் 100 முட்டைகள் இருந்தால் ஓராண்டில் 67, இரண்டாம் ஆண்டில் 44, மூன்றாம் ஆண்டில் 30. நான்கில் 20, ஐந்தில் 13, ஆறில் 9, ஏழாம் ஆண்டில் 6.

ஏழு ஆண்டு முடியும்போது எதிரிப் படையில் 94 விழுக்காடு காலி! மருந்து இல்லை, செலவு இல்லை. நுண்ணோக்கியே இல்லாத காலத்தில், புழுவைக் கண்ணால் பார்க்காமலே, ஆண்டீஸ் உழவர் இதைச் செய்திருக்கிறார். சீக்கிரம் நட்ட வயலில் செடி குட்டையாகிப் போவதையும், காத்திருந்த வயலில் நன்றாக வருவதையும் பார்த்துப் பார்த்து, தலைமுறை தலைமுறையாகக் கட்டிய விதி அது.

அதே கணக்கை மறுபக்கமும் பாருங்கள். இரண்டே ஆண்டு இடைவெளி விட்டு மறுபடி நட்டால் 44 முட்டைகள் காத்திருக்கும். ஒரு பருவத்தில் புழு சில பத்து மடங்குவரை பெருகக்கூடியது. அவ்வளவுதான், ஓய்வு கொடுத்ததே வீண்.

கிழங்கு மட்டும் கப்பல் ஏறியது

16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் உருளைக்கிழங்கை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். சில வகைகளே போயின. கலந்து நடும் பழக்கம் போகவில்லை. ஊர் கூடி நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் பழக்கமும் போகவில்லை. அயர்லாந்தில் 1845 முதல் என்ன நடந்தது என்று வரலாற்றில் படித்திருப்பீர்கள்: ஏழைகள் பெரும்பாலும் ஒரே வகைக் கிழங்கை நம்பியிருந்தார்கள், இலைக்கருகல் நோய் வந்தது, சுமார் பத்து லட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். அந்த நோய்க்கு எதிராகப் புதிய வகைகளைத் தேடி ஆண்டீஸிலிருந்து மீண்டும் கிழங்குகளைத் தருவித்தபோது, ஒட்டியிருந்த மண்ணோடு நூற்புழுவின் கூடுகளும் ஐரோப்பாவுக்கு வந்தன என்பதே அறிவியலாளர் பலரின் கருத்து. ஒரு நோய்க்கு மருந்து தேடப் போய் இன்னொன்றை வாங்கி வந்த கதை.

நீலகிரிக்கு உருளைக்கிழங்கு 1820களில் வந்தது. அப்போது கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன், ஊட்டியில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்தார். மலையில் வாழ்ந்த படுகர்கள் அதற்கு முன் கேழ்வரகு, சாமை போன்றவற்றை விளைவித்தவர்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களிடமும் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் பழக்கம் இருந்தது. ஒரு துண்டில் சில ஆண்டு பயிர் செய்துவிட்டு அதை விட்டு வேறு துண்டுக்குப் போவார்கள். அதற்காக, பயிர் செய்வதைவிடப் பல மடங்கு நிலத்தை வைத்திருக்க அவர்களுக்கு உரிமை இருந்தது. ஆங்கிலேயர் அதைப் 'புர்த்தி' முறை என்று ஆவணங்களில் எழுதினார்கள். நிலம் சும்மா கிடப்பது வரி வசூலிப்பவர் கண்ணுக்குப் பிடிக்குமா? 1860களில் அந்த முறை ஒழிக்கப்பட்டது. சும்மா கிடந்த நிலத்தில் பெரும்பகுதி தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் போனது.

மிஞ்சிய நிலத்தில் படுகர்கள் உருளைக்கிழங்கை அருமையாக விளைவித்தார்கள். மலைச்சரிவில் படிப்படியாகப் பாத்தி, முளைகட்டிய விதைக்கிழங்கு, வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், கிழங்குக்குக் கிழங்கு 20 சென்டிமீட்டர். செடி வளர்ந்ததும் அடியில் மண் அணைப்பார்கள். அது ஏன் தெரியுமா? ஓடுதண்டுக்கு இருட்டு வேண்டும். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகி, சொலனின் என்ற நஞ்சைச் சேர்த்துக்கொள்ளும். வீட்டில் பச்சை படர்ந்த கிழங்கு இருந்தால் அம்மாவிடம் சொல்லி ஒதுக்கிவிடுங்கள். ஏறத்தாழ 120 நாளில் அறுவடை. செம்மண் ஒட்டிய ஊட்டிக் கிழங்கு மூட்டை மூட்டையாக மலையிறங்கி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும். அங்கே ஏலம்.

நீலகிரியில் மூன்று பருவம் உண்டு. மார்ச், ஏப்ரலில் நடுவது கார்போகம். ஆகஸ்ட், செப்டம்பரில் நடுவது கடைபோகம். ஜனவரி, பிப்ரவரியில் நீர் பாய்ச்சி நடுவது நீர்போகம். நல்ல விலை வந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? ஒரே வயலில் ஆண்டுக்கு இரண்டு முறை கிழங்கு போட்டவர்களும் உண்டு. ஆண்டீஸில் ஏழாண்டு இடைவெளி, இங்கே ஏழு மாதம்கூட இல்லை.

1961இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி ஊட்டிப் பக்கத்து வயல்களைப் பார்த்தபோது, சில இடங்களில் செடிகள் திட்டுத் திட்டாகக் குட்டையாகி மஞ்சளித்து நின்றன. வேரைப் பிடுங்கிப் பார்த்தார். கடுகைவிடச் சிறிய பொன்னிற மணிகள். இந்தியாவில் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது அப்படித்தான். ஐரோப்பாவிலிருந்து வந்த விதைக்கிழங்கோடு அது பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். தேடிப் பார்த்ததில் வெளிர் இனமும் இருந்தது.

அதற்குப் பிறகு நீலகிரிக் கிழங்கைச் சாப்பிடலாம், ஆனால் விதைக்கிழங்காக வெளியே அனுப்பக் கூடாது என்று தடை வந்தது. ஒரு மலைக்கே தனிமைப்படுத்தல்! கோவிட் காலத்தில் நாம் வீட்டுக்குள் இருந்தது நினைவிருக்கும். அந்த மலையின் கிழங்குக்கு இது பல பத்தாண்டுகளாக நீடிக்கிறது. ஒட்டியிருக்கும் ஒரு சிட்டிகை மண்ணே போதும் என்பதால் இந்தக் கண்டிப்பு. இருந்தும், 2018இல் வடக்கே இமயமலை மாநிலங்களான இமாச்சலப் பிரதேசம், உத்தரகாண்ட், ஜம்மு காஷ்மீர் ஆகியவற்றிலும் புழு இருப்பது தெரிந்து, அங்கிருந்தும் விதைக்கிழங்கு அனுப்பத் தடை விதிக்க வேண்டியதாயிற்று.

புழுவைப் பட்டினி போடுவது எப்படி?

"ஏழு ஆண்டு சும்மா விடுங்கள்" என்று நீலகிரி உழவரிடம் போய்ச் சொல்ல முடியுமா? ஓர் ஏக்கர் வைத்திருப்பவர் ஏழு ஆண்டு எதைச் சாப்பிடுவார்? பள்ளிக் கட்டணத்தை எதிலிருந்து கட்டுவார்? 'நம் முன்னோர் எல்லாம் அறிந்தவர்கள், அப்படியே பின்பற்றினால் போதும்' என்று மேடையில் பேசுவது எளிது. ஆண்டீஸ் உழவரின் விதி வேலை செய்ததற்கு, அதற்குப் போதுமான பொது நிலம் ஊரிடம் இருந்ததும் ஒரு காரணம். நிலம் சுருங்கினால் விதியும் சுருங்கும். ஆண்டீஸிலேயே பல ஊர்களில் ஓய்வு ஆண்டுகள் இப்போது குறைந்துகொண்டு வருகின்றன.

ஆனால் அந்த விதி ஏன் வேலை செய்தது என்று புரிந்துகொண்டால் அதை வேறு வடிவில் செய்யலாம். புழுவுக்கு வேண்டியது ஓய்வில்லாத நிலம் அல்ல, உருளைக்கிழங்கு வேர். நிலத்தைத் தரிசு விட வேண்டியதில்லை, அந்த வேரை மட்டும் நிறுத்தினால் போதும். கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், பட்டாணி, பூண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டால், உழவர் வீட்டில் சோறு இருக்கும், புழுவுக்குப் பட்டினி. நீலகிரியில் இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள்.

இன்னொரு வழி, புழுவை ஏமாற்றும் கிழங்கு. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. அங்கே நடந்த ஆய்வின் பலனாக 1985இல் குஃப்ரி ஸ்வர்ணா என்ற வகை வெளியானது. (குஃப்ரி என்பது சிம்லாவுக்குப் பக்கத்தில் உள்ள ஊர். இந்தியாவின் பல கிழங்கு வகைகளுக்கு அந்த ஊரின் பெயர்தான் குடும்பப் பெயர்.) இதன் வேர் வழக்கம்போல் அழைப்பு அனுப்பும். குஞ்சுகள் பொரித்து வரும், உள்ளே நுழையும், ஆனால் உட்கார்ந்து தின்ன இடம் அமைக்க முடியாமல் பெரும்பாலானவை செத்துப்போகும். இரு இனங்களையும் இது தாங்கும். பிறகு குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி என்று வேறு வகைகளும் வந்தன.

குஃப்ரி ஸ்வர்ணாவுக்கு அந்தத் திறமை எங்கிருந்து வந்தது தெரியுமா? அதன் பெற்றோரில் ஒன்றின் வழியாக, சொலானம் வெர்னி என்ற காட்டு உருளைக்கிழங்கிடமிருந்து. அது விளையும் இடம் அர்ஜென்டினாவின் வடமேற்கு, அதாவது ஆண்டீஸ் மலை. புழு பிறந்த மலையில்தான் புழுவைத் தாங்கும் கிழங்கும் இருந்தது. பல்லாயிரம் ஆண்டுகள் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துப் பரிணமித்திருக்கின்றன. காட்டு வகைகளையும் நாட்டு வகைகளையும் காப்பாற்ற வேண்டும் என்று விஞ்ஞானிகள் மன்றாடுவதற்குக் காரணம் இதுதான். பெருவின் லீமா நகரில் 1971இல் தொடங்கிய பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் ஆயிரக்கணக்கான வகைகளைப் பாதுகாக்கிறது. குஸ்கோ அருகே பல கெச்சுவா ஊர்கள் சேர்ந்து 'உருளைக்கிழங்குப் பூங்கா' ஒன்றை நடத்துகின்றன. தங்களிடம் அழிந்துபோன நூற்றுக்கணக்கான வகைகளை 2004இல் செய்த உடன்பாட்டின்படி அந்த மையத்திடமிருந்து அவர்கள் திரும்பப் பெற்று மீண்டும் நட்டார்கள். அங்கே இப்போது வேறொரு கவலை. பூமி சூடாவதால் கீழ்ச்சரிவில் கிழங்கு முன்போல் வருவதில்லை. நடும் இடம் ஆண்டுக்கு ஆண்டு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. மலைக்கு உச்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா?

புழுவைத் தாங்கும் வகையை நட்டுவிட்டால் கதை முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் 1966இல் மாரிஸ் பைப்பர் என்ற வகை வந்தது. தங்க நூற்புழுவை அது நன்றாகத் தாங்கியது. உழவர்கள் திரும்பத் திரும்ப அதையே நட்டார்கள். தங்க இனம் குறைந்தது, அது தாங்காத வெளிர் இனம் காலியிடத்தைப் பிடித்துக்கொண்டது. இயற்கைத் தேர்வு என்று பாடத்தில் படிப்பது உழவர் வயலில் நம் கண்முன் நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நோய்க்கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகுவதும் இதே பாணிதான்.

நீலகிரியில் உருளைக்கிழங்கு விளையும் பரப்பு பழையபடி இல்லை. பல குடும்பங்கள் தேயிலைக்கும் கேரட்டுக்கும் மாறிவிட்டன. நிலையில்லாத விலை, ஆள்பற்றாக்குறை, இரவில் இறங்கி வந்து வயலைக் கிளறும் காட்டுப்பன்றி எல்லாமே காரணம். புழுவும் அதில் ஒன்று.

உங்கள் தொட்டியில் தேடுங்கள்

தங்க நூற்புழு குளிர்ந்த மண்ணில் வாழ்வது. ஜொகூர் பாருவின் சூட்டில் உங்களால் அதைப் பார்க்க முடியாது. ஆனால் அதன் உறவுக்காரர் ஒருவர் நம் ஊரில் தாராளமாக இருக்கிறார்: வேர்முடிச்சு நூற்புழு. வீட்டில் தக்காளியோ கத்தரியோ வெண்டையோ காய்த்து ஓய்ந்துபோனால், செடியைத் தூக்கி எறிவதற்கு முன் மண்ணோடு மெதுவாகப் பெயர்த்து, வேரை ஒரு வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேர் அங்கங்கே வீங்கி, மணி கோத்ததுபோல் முடிச்சு முடிச்சாக இருக்கிறதா? அந்த முடிச்சுக்குள் பெண் புழுக்கள் இருக்கின்றன. நன்றாகத் தண்ணீர் ஊற்றியும் மதிய வெயிலில் அந்தச் செடி மட்டும் ஏன் வாடியது என்பதற்கும் காரணம் அப்போது தெரியும்.

பயற்றஞ்செடியிலும் முடிச்சு இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குத் தரும் நல்ல பாக்டீரியாவின் வீடு. வேறுபடுத்துவது எளிது. நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் தள்ளினால் உதிர்ந்துவிடும், வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு. புழுவின் முடிச்சு வேரே வீங்கியது. வேரை அறுக்காமல் அதைப் பிரிக்க முடியாது.

புழு முடிச்சு இருந்தால் அந்த மண்ணில் உடனே மறுபடி தக்காளி நடாதீர்கள். வேரைக் குப்பையில் போட்டுவிட்டு, மண்ணை ஈரமாக்கி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் இறுக மூடி, வெயில் படும் இடத்தில் ஐந்தாறு வாரம் வையுங்கள். பாதி மண்ணை இப்படி மூடியும் பாதியை மூடாமலும் வைத்து, இரண்டிலும் ஒரே நாளில் வாங்கிய நாற்றை நட்டு, மூன்று மாதம் கழித்து இரு வேர்களிலும் முடிச்சுகளை எண்ணுங்கள். அறிவியல் கண்காட்சிக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். தொட்டி ஒவ்வொன்றிலும் தேதியை எழுதி ஒட்ட மறக்காதீர்கள்.